பழி போடும் முன் பட்டியல் போடுவோம்



இந்த மாதப் பாடம் நம் வீட்டு வைஃபையைப் பற்றியது. அதில் என்னென்ன கருவிகள் இணைந்திருக்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாடத்தைத் தொடங்கும் முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் பாடம் நடத்தினால் எனக்கே உறுத்தும்.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணி ஆனால் போதும், இணையம் படுத்துவிடும். நான் வெளிநாட்டுக் குழுவோடு வேலை செய்கிறவன். பத்தரைக்கு வீடியோ கூட்டம். பேசிக்கொண்டிருக்கும்போதே என் முகம் திரையில் உறைந்துபோகும். ரூட்டரை அணைத்துப் போட்டேன். இணையச் சேவை நிறுவனத்தை அழைத்துக் கேட்டேன். "உங்க லைன் நல்லாத்தான் இருக்கு சார்" என்றார்கள். பிறகு கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிப் பார்த்தேன். வீட்டு வைஃபையில் 14 கருவிகள் இருந்தன. அதில் ஒன்றுக்குப் பெயரே இல்லை. 'அன்நோன்' என்று மட்டும் போட்டிருந்தது.

உடனே என் மனசு அடுத்த வீட்டுக்குப் போனது. அதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, அடுத்த வீட்டுத் தம்பி ஆறாம் ஆண்டு. அவர்கள் வீட்டில் இணையம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் வைஃபையில்தான் வகுப்பைக் கேட்டான். பாஸ்வர்டைக் கொடுத்தது எங்கள் அம்மா. நான்கு வருஷத்துக்கும் மேலாக அதே பாஸ்வர்டுதான். இப்போது அவன் நான்காம் படிவம். 'ராத்திரியில் உட்கார்ந்து கேம் விளையாடுகிறான், வேறு யார்?' என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கேட் அருகே அவனை நிறுத்திக் கேட்டேன். "தம்பி, எங்க லைனை யூஸ் பண்றது நீதானே? சொல்லிட்டுப் பண்ணலாம்ல?"

"இல்லண்ணே, எங்க வீட்டுலயே இப்ப லைன் இருக்கு" என்றான். நான் நம்பவில்லை. "சரி சரி, இனிமே பண்ணாதே" என்றேன். அவன் பின்னால் நின்ற அவன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மகனை உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெயர் இல்லாத கருவியை ரூட்டரில் தடை செய்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சமையலறையிலிருந்து சத்தம். "ஏன்டா, என் ஃபோன்ல வாட்சப் போக மாட்டேங்குதே, என்னன்னு பாரு!"

அது அம்மாவின் புதுக் கைப்பேசி. தீபாவளிக்கு அக்கா வாங்கிக் கொடுத்தது. பழைய கைப்பேசியில் இருந்த எல்லாப் படங்களும் வீடியோக்களும் அதற்கு மாறியிருந்தன. அம்மா தினமும் பத்து மணிக்கு அதைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கப் போவார். அது தன் பாட்டுக்கு அத்தனையையும் மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ஏற்றுகிற பாதை நிரம்பிவிட்டால் வீடியோ அழைப்பு திணறத்தான் செய்யும். ஆக, திருடன் என்று நான் தேடியது எங்கள் அம்மாவை.

கேட் அருகே போகும் முன் அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது. அந்த அரை மணி நேர வேலைதான் இந்தப் பாடம்.

ரூட்டர் வைத்திருக்கும் இரண்டு எண்கள்

வைஃபையில் ஒரு கருவி சேரும்போது, ரூட்டர் அதைப் பற்றி இரண்டு எண்களைக் குறித்துக்கொள்கிறது.

ஒன்று, ஐபி முகவரி. கல்யாண மண்டபத்தில் கிடைக்கிற நாற்காலி மாதிரி. வந்தவருக்கு ரூட்டர் காலியாக இருக்கும் இடத்தைக் கொடுக்கும். நாளைக்கு அதே இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வீடுகளில் இது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இவை உள்வீட்டு நெட்வொர்க்குகளுக்கு என்றே ஒதுக்கப்பட்ட எண்கள். உங்கள் வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், அடுத்த வீட்டிலும் இருக்கலாம். இரண்டும் மோதிக்கொள்ளாது.

இன்னொன்று, மேக் முகவரி. இது நம் அடையாள அட்டை எண் மாதிரி. நம் அட்டையில் 12 இலக்கங்கள். மேக் முகவரியிலும் 12 குறிகள்தான். 0 முதல் 9 வரை எண்களும், ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். அடையாள அட்டையின் நடுவில் உள்ள இரண்டு இலக்கம் பிறந்த மாநிலத்தைக் காட்டுகிறது அல்லவா? 02 என்றால் கெடா. அதுபோல மேக் முகவரியின் முதல் ஆறு குறிகள், அதைத் தயாரித்த நிறுவனம் எது என்று காட்டும். பட்டியலைப் பார்க்கும் செயலி, 'இது சாம்சுங், இது ஆப்பிள்' என்று சொல்வது இதை வைத்துத்தான்.

முதல் வேலை தாளில்

செயலியை இறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். வைஃபை வாங்கும் பொருள் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். கைப்பேசி, மடிக்கணினி, டிவி எல்லாம் உடனே ஞாபகம் வரும். மறந்துபோகிறவைதான் முக்கியம். டிவி பெட்டி, பிரிண்டர், சிசிடிவி பதிவுப் பெட்டி, ஸ்மார்ட் பல்பு, ஏர்கோன், கைக்கடிகாரம், தம்பியின் கேம் பெட்டி, அலமாரியில் கிடக்கும் பழைய டேப்லட். பாட்டி வீட்டுக்கு வரும்போது கொண்டுவரும் கைப்பேசியையும் விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னது ஒன்பது. சுற்றி வந்து எழுதியபோது பதின்மூன்று. அம்மாவின் புதுக் கைப்பேசியையும் பழையதையும் ஒன்றாக எண்ணிவிட்டேன். பழையது டிவி மேசை இழுப்பறையில் இன்னும் உயிரோடு இருந்தது. ஆக 14. வேலிக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை.

பட்டியலைப் பார்க்க மூன்று வழிகள்

முதல் வழி, ரூட்டரிடமே கேட்பது. இதுதான் நம்பிக்கையானது. ரூட்டரின் அடியில் அல்லது பின்புறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் நுழைவு முகவரியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். பல ரூட்டர்களில் முகவரி 192.168.0.1 அல்லது 192.168.1.1. ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால், ஐஃபோனில் அமைப்புகளுக்குள் வைஃபையைத் திறந்து, உங்கள் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்தைத் தட்டுங்கள். 'ரூட்டர்' என்ற வரியில் அந்த எண் இருக்கும். ஆண்ட்ராய்டில் அதே இடத்தில் 'கேட்வே' என்று இருக்கும். அந்த எண்ணை உலாவியின் முகவரிப் பட்டையில் தட்டினால் நுழைவுப் பக்கம் வரும். உள்ளே போய் 'கனெக்டட் டிவைசஸ்' அல்லது 'கிளையன்ட் லிஸ்ட்' என்ற பெயரில் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில ரூட்டர்களின் பட்டியலில், போய்விட்ட விருந்தாளியின் கைப்பேசியும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். ரூட்டர் நாற்காலியை ஒரு தவணைக்குத்தான் கொடுக்கிறது. பல ரூட்டர்களில் அது 24 மணி நேரம். தவணை முடிகிற வரை பெயரை அழிக்காது. நேற்று வந்த மாமாவின் ஃபோனைப் பார்த்து இன்று பதறாதீர்கள்.

இரண்டாவது வழி, செயலி. ஃபிங் என்று ஒன்று உண்டு; ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் கிடைக்கும். அது வரிசையாக ஒவ்வொரு முகவரியையும் தட்டி, 'யார் இருக்கீங்க?' என்று கேட்டுப் பதில் சொன்னவர்களைப் பட்டியல் போடும். தூங்கிக்கொண்டிருக்கும் கைப்பேசி சில சமயம் பதில் சொல்லாது. அதனால் காலையில் ஒரு முறை, எல்லாரும் வீட்டில் இருக்கும் ராத்திரியில் ஒரு முறை பாருங்கள்.

மூன்றாவது வழி, கணினி. விண்டோஸில் தேடல் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கறுப்புத் திரை ஒன்று வரும். அதில் ஏ, ஆர், பி, ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, பிறகு ஏ. என்டர் தட்டுங்கள். ஐபி முகவரிகளும் மேக் முகவரிகளும் பக்கம் பக்கமாக வரும். ஆனால் உங்கள் கணினி அண்மையில் தொடர்புகொண்ட கருவிகளை மட்டும்தான் அது காட்டும். முழுப் பட்டியல் என்று நினைத்துவிடாதீர்கள்.

மாடியில் இரண்டாவது ரூட்டர் வைத்திருக்கிறவர்கள் அதன் பட்டியலையும் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் கருவிகள் முதல் ரூட்டருக்குத் தெரியாமல் போகலாம்.

பெயர் இல்லாத வரி யாருடையது?

தாளையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டு இணையுங்கள். கடைசியில் இரண்டு மூன்று வரி மிஞ்சும். பெரும்பாலும் இந்தக் காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

தயாரிப்பாளர் பெயர் அந்நியமாக இருக்கும். எங்கள் வரவேற்பறை பல்பின் வரியில் 'எஸ்பிரசிஃப்' என்று இருந்தது. அது ஷாங்காயில் உள்ள சில்லு நிறுவனம். பல்பின் பெட்டியில் வேறு பிராண்டுதான் இருக்கும். உள்ளே வைஃபை சில்லு இவர்களுடையது. முதல் ஆறு குறிகள் காட்டுவது அந்தப் பாகத்தைச் செய்தவரின் பெயரை. கடையில் நாம் பார்த்த பெயர் வராமல் போகலாம்.

ஒரே கருவி இரண்டு வரியில் வரலாம். மடிக்கணினிக்கு வைஃபைக்கு ஒரு மேக் முகவரி, கேபிளுக்கு இன்னொன்று.

கைப்பேசி முகமூடி போட்டிருக்கலாம். என்னை ஏமாற்றியது இதுதான். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 தொடங்கி, கைப்பேசிகள் தம் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை முகவரியை உண்டாக்கிக் கொடுக்கின்றன. பேரங்காடியிலும் விமான நிலையத்திலும் நம்மைப் பின்தொடர முடியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கற்பனை முகவரியில் தயாரிப்பாளர் பெயர் இருக்காது. அதனால் பட்டியலில் அநாமதேயமாக நிற்கும். கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி உண்டு. முகவரியின் இரண்டாவது குறியைப் பாருங்கள். அது 2, 6, ஏ, ஈ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் முகமூடி போட்ட கைப்பேசியோ மடிக்கணினியோதான். வீட்டில் உள்ள ஒவ்வொரு கைப்பேசியிலும் வைஃபை அமைப்பைத் திறந்து, அங்கே தெரியும் முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியும் தெரியவில்லையா? ஒவ்வொரு கருவியின் வைஃபையையும் அணைத்துப் பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள். கடைசி வழி, மிஞ்சிய வரியை ரூட்டரில் தடை செய்துவிட்டுக் காத்திருப்பது. வீட்டில் யார் சத்தம் போடுகிறார்களோ, அது அவர்களுடைய கருவி! சிரிக்காதீர்கள், எனக்கு விடை கிடைத்தது இப்படித்தான்.

தெரிந்த கருவி என்பதால் பயம் இல்லையா?

பட்டியலில் எல்லா வரிக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. ஆனாலும் வேலை முடியவில்லை. எங்கள் பட்டியலில் ஆறாவது வரி சிசிடிவி பதிவுப் பெட்டி. நம்முடையதுதான் என்று கோடு போட்டுவிட்டு நகரப் போனேன். ஏதோ தோன்றி, அதன் முகவரியை உலாவியில் தட்டிப் பார்த்தேன். நுழைவுப் பக்கம் வந்தது. பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல் 12345. உள்ளே போய்விட்டேன். பொருத்தியவர் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றவே இல்லை, நாங்களும் கேட்கவில்லை. வெளியிலிருந்து பார்க்கிற வசதியும் திறந்தே இருந்தது. எங்கள் வாசலையும் கூடத்தையும் இரண்டு வருஷமாக யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்.

நான் அடுத்த வீட்டுப் பையனைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துபோட்டிருந்தது நாங்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2016-இல் நடந்ததைப் பாருங்கள். மிராய் என்ற தீநிரல் இணையம் முழுக்கச் சுற்றி, சிசிடிவி கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரூட்டர்களையும் தேடியது. அதன் கையில் இருந்த ஆயுதம், 60-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களின் பட்டியல், அவ்வளவுதான். 2016 அக்டோபர் 21-ஆம் தேதி, அப்படிப் பிடிபட்ட கருவிகளை ஏவி, அமெரிக்காவின் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. அடுத்த சில நாள்களில் சிங்கப்பூரில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு முறை இணையம் தடைபட்டது. வாடிக்கையாளர்களின் சொந்தக் கருவிகளே தீநிரலின் பிடியில் சிக்கித் தாக்கியதாக அந்த நிறுவனம் சொன்னது. இப்படி நடக்க எந்த அந்நியனும் வைஃபையில் ஏற வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள தெரிந்த கருவிகளே போதும்.

மிராய் பிடித்த கருவியை அணைத்துப் போட்டால் தீநிரல் போய்விடும். ஆனால் பழைய கடவுச்சொல்லோடு மறுபடி இணையத்தில் வந்தால், மீண்டும் மாட்டிக்கொள்ளும். கடவுச்சொல்லை மாற்றுவதுதான் மருந்து. சிங்கப்பூரில் 2021 ஏப்ரல் முதல், வீட்டு வைஃபை ரூட்டர்களுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகளைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். எந்த ஊராக இருந்தாலும், நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய பெட்டிகளை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளி ஆள்தான் என்று உறுதியானால்

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஒரு வரி உயிரோடு நிற்கிறது என்றால், அது வெளி ஆளாக இருக்கலாம். அப்போது செய்ய வேண்டியவை:

1. வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்தக் கருவியை மட்டும் தடை செய்வது போதாது. மேக் முகவரியை மாற்றிக்கொண்டு அது திரும்ப வரலாம். கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாரும் வெளியேறிவிடுவார்கள். தெரிந்தவர்களை மட்டும் மறுபடி உள்ளே விடலாம்.

2. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா பாருங்கள். டபிள்யூஇபி என்று இருந்தால் அந்த ரூட்டரை மாற்றும் காலம் வந்துவிட்டது.

3. டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ஊகித்தே உள்ளே வர முடியும் என்று 2011-இலேயே காட்டிவிட்டார்கள்.

4. ரூட்டரின் நுழைவுக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இது வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

5. விருந்தாளிகளுக்கு 'கெஸ்ட்' வைஃபையைத் திறந்து கொடுங்கள். யாரையும் 'இல்லை' என்று திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, வீட்டுக் கருவிகளும் தனியாக இருக்கும்.

இரண்டு எல்லைக்கோடுகள்

இந்த வேலையை நம் வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் செய்யுங்கள். 'ஆசிரியர் சொன்னார்' என்று அடுத்தவர் வைஃபையில் ஏறிச் சோதிக்காதீர்கள். 2006-இல் சிங்கப்பூரில் 17 வயது மாணவர் ஒருவர் பக்கத்து வீட்டு வைஃபையை அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதற்காக நீதிமன்றம் ஏறினார். 2007 ஜனவரியில் அவருக்கு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. மலேசியாவிலும் 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் உண்டு.

இரண்டாவது கோடு வீட்டுக்குள்ளே. இந்தப் பட்டியலில் யார் எத்தனை மணிக்கு விழித்திருக்கிறார்கள், யார் வீட்டில் இல்லை என்பதுகூடத் தெரியும். தங்கையை வேவு பார்க்க இதைத் திறக்காதீர்கள். "வீட்டுல என்னென்ன கருவி இருக்குன்னு கணக்கு எடுக்கப் போறேன்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, நடுக்கூடத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

பாடத்தின் மிச்சம்

அம்மாவின் கைப்பேசியைக் கண்டுபிடித்த அன்று ராத்திரியே நான் அடுத்த வீட்டுக்குப் போனேன். தம்பிதான் கதவைத் திறந்தான். "தப்பு என் பேர்லதான் தம்பி. அது எங்கம்மா ஃபோன்" என்றேன். அவன் சிரித்துவிட்டான். "பரவாயில்லண்ணே" என்றான். அவன் அம்மா சிரிக்கவில்லை. "அன்னிக்கே ஒரு வார்த்தை எங்க வீட்டுக்கு உள்ள வந்து கேட்டிருக்கலாமே தம்பி. ரோட்டுல நிக்க வச்சுல்ல கேட்டீங்க" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போது பேசுகிறார். ஆனாலும் பழைய மாதிரி வேலிக்கு மேலே குழம்புக் கிண்ணம் வர மூன்று மாதம் ஆனது.

பாஸ்வர்டை மாற்ற ஐந்து நிமிஷம் போதும். சொன்ன சொல்லை மாற்ற முடியாது. பெயர் தெரியாத ஒன்றைப் பார்த்தால் முதலில் தாளை எடுங்கள், வீட்டைச் சுற்றுங்கள், எண்ணுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த வாரப் பயிற்சி

1. ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: கருவி, யாருடையது, எந்த அறையில், மேக் முகவரி, கடவுச்சொல் மாற்றிய தேதி. உங்கள் வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் நிரப்புங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

2. கண்ணை மூடிச் சொன்ன எண்ணிக்கைக்கும் பட்டியலில் வந்த எண்ணிக்கைக்கும் எவ்வளவு வித்தியாசம்? அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

3. தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு இருக்கும் ஒரு கருவியையாவது கண்டுபிடித்து மாற்றுங்கள்.

4. உங்கள் வீட்டில் வேலை முடிந்ததும், தாத்தா பாட்டி தனியாக இருக்கும் வீடு ஒன்றுக்குப் போய், அவர்கள் அனுமதியோடு, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதே பட்டியலைப் போட்டுக் கொடுங்கள்.